மாட்டுக் கணக்கில் ஒரு புரட்சி

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் போனபோது எங்கள் பக்கம் குளிர்தான் அடித்தது. மட்டக்களப்புப் படுவான்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படியொரு குளிர் ஞாபகத்தில் இல்லை. மழையில் நனைந்து நின்ற மாடுகள் விடிகிறதுக்குள் பட்டியிலேயே விழுந்து கிடந்தன. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் செத்தன. நான் அப்போது ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் கொண்டுவருகிறவர்கள் கேனை இறக்கி வைத்துவிட்டு, யாருடைய பட்டியில் எத்தனை போனது என்றுதான் பேசினார்கள். குளிருக்கு மாடு சாகுமா என்பது எல்லோருக்கும் இருந்த கேள்வி. தேடிப் பார்த்தேன், மொங்கோலியா வந்து நின்றது. அங்கே இதற்குப் பெயரே இருக்கிறது, சுட் என்பார்கள். கோடையில் புல் காய்ந்துபோகும், அதன் பின்னால் வருகிற மாரியில் உறைபனி நிலத்தை மூடிவிடும். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு எல்லாம் லட்சக்கணக்கில் சாகும்.

அன்றைக்குத் தொடங்கிய வாசிப்பு அந்த நாட்டின் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மொங்கோலியாவின் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மொஸ்கோவையும் பீக்கிங்கையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். பட்டிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு முதலில் வருகிற கேள்வி, அந்த மாடெல்லாம் யாருடையது என்பதுதான். 1921க்கு முன் யாருடையது, 1930இல் யாருடையது, 1959இல், 1992இல் யாருடையது? தொழிற்சாலையும் இல்லை, தொழிலாளியும் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு நாட்டில் புரட்சி வந்தால் அது வேறு எதைத் தொடப்போகிறது?

பழைய கதையிலிருந்து வருகிறேன். 1911 டிசம்பரில், சீனாவை ஆண்ட சிங் அரசு ஆட்டங்கண்ட நேரத்தில், மொங்கோலியப் பிரபுக்கள் பிரிந்துபோய் போக்த் கான் என்ற பெரிய லாமாவை, அதாவது பௌத்தத் துறவியை, அரசராக வைத்தார்கள். அவர் திபெத்தில் பிறந்தவர். அரசரும் அவர்தான், தலைமைக் குருவும் அவர்தான். ஆண்களில் மூன்றில் ஒருவர் லாமா என்று சொல்லுமளவுக்கு மடாலயங்கள் பெருத்திருந்த காலம். எழுநூறுக்கு மேல் மடாலயங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்த மந்தை. அந்தக் கோயில் சொத்துக்கு ஜஸ் என்று பெயர். லாமாக்கள் மாட்டுக்குப் பின்னால் நடப்பார்களா? மந்தையைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மேய்க்கிறவன் மேய்த்துத் தின்றுகொண்டு, நெய்யும் கம்பளியும் குட்டிக் கணக்கும் மடாலயத்துக்குக் கொடுக்கவேண்டும். பிரபுக்களின் மந்தைகளும் இதே ஏற்பாடுதான்.

இதைப் படித்தபோது எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. என் அம்மப்பா ஒரு போடியாரின், அதாவது வயலும் மாடும் நிறைய வைத்திருந்த பெரியவரின், பட்டி பார்த்தவர். மாட்டில் போடியாரின் குறி, பால் அம்மப்பாவுக்கு, வருடம் முடியக் கன்றில் ஒரு பங்கு. காட்டில் மாடு செத்தால் தோலை உரித்து, குறி சுட்ட தொடைப்பகுதி தெரியும்படி காயவைத்துக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். காட்டாவிட்டால் விற்றுத் தின்றுவிட்டான் என்ற பேச்சு வரும். மழைக்காலத்தில் தோல் காயாது. பட்டிக் குடிசையான வாடிக்குள் புகைபோட்டுக் காயவைப்பார். அந்த மணம் அவருடைய சாரத்தில் இருந்து போகவே போகாது என்று அம்மா சொல்வார். மொங்கோலியாவிலும் குதிரையின் தொடையில் குறி சுடுவார்கள், அதைத் தம்கா என்பார்கள். பரம்பரை பரம்பரையாக வருகிற குறிகள் உண்டு. எங்கள் பக்கத்திலும் முன்பு குடிக்குக் குடி, அதாவது குலத்துக்குக் குலம், குறி இருந்தது. இப்போது காதில் மஞ்சள் தோடு மாட்டி இலக்கம் போட்டுவிடுகிறார்கள்.

சரி, புரட்சிக்கு வருவோம். 1919இல் சீனப் படை வந்து மொங்கோலியரின் தன்னாட்சியைப் பறித்தது. 1921 பெப்ரவரியில், ருஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்து ஆளான உங்கெர்ன் என்ற பிரபு படையோடு வந்து சீனரை விரட்டித் தலைநகரைப் பிடித்தான். அவனுடைய கொடுமைகளைப் படிக்கவே மனம் கூசும், விட்டுவிடுகிறேன். அதே வருடம் ஜூலையில் சோவியத் செம்படையோடு சேர்ந்து மொங்கோலிய மக்கள் கட்சிக்காரர் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்றவர்களில் சுக்பாத்தர், சொய்பல்சான் என்ற இருவரின் பெயரையும் இந்தக் கதையில் அடிக்கடி பார்க்கலாம். போக்த் கானை அவர்கள் உடனே இறக்கவில்லை. 1924 மே மாதம் அவர் சாகும்வரை பெயருக்கு அரசராக வைத்திருந்து, நவம்பரில் மக்கள் குடியரசு என்று அறிவித்தார்கள். சோவியத் நாட்டுக்கு அடுத்ததாக உலகத்தில் இரண்டாவது கொம்யூனிஸ்ட் அரசு. அதற்குள்ளேயே பிரதமராக இருந்த போதூவை 1922இல் சுட்டார்கள். கட்சித் தலைவராக இருந்த தன்சானை 1924இல், கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே பிடித்துச் சுட்டார்கள். சங்கப் பொதுக்கூட்டத்தில் கதிரை பறந்ததை நானும் பார்த்திருக்கிறேன். இது வேறு ரகம்.

இவ்வளவு நடந்தும் மந்தை பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதில் கைவைத்தது 1929இல். ஸ்டாலின் ருஷ்யாவில் கூட்டுப்பண்ணை தொடங்கிய அதே நேரத்தில் இங்கேயும் இடதுசாரி வேகம் பிடித்துவிட்டது. முதலில் பிரபுக்களின் கால்நடைகளைப் பறித்தார்கள், பிறகு மடாலயத்தினுடையதை. ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். இதுவரைக்கும் எனக்குப் புரிகிறது, அம்மப்பா இருந்திருந்தால் அவரும் கைதட்டியிருப்பார். அடுத்ததாக, சாதாரணக் குடும்பங்களும் தங்கள் மந்தையைக் கொண்டுவந்து கூட்டுப்பண்ணையில் சேர்க்கவேண்டும் என்றார்கள். அங்கேதான் முறிந்தது. நாளைக்குப் பொதுவாகப் போகப்போகிற ஆட்டை இன்றைக்கே அறுத்துத் தின்றுவிடுவோம் என்று மேய்ப்பர்கள் அறுக்கத் தொடங்கினார்கள். பொதுவில் சேர்ந்ததைப் பார்க்க ஆளில்லாமலும் செத்தது. சுமார் 2 கோடி 30 லட்சமாக இருந்த கால்நடை 1932இல் 1 கோடி 60 லட்சத்துக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

1932 ஏப்ரலில் வடக்கே ஹுவ்ஸ்குல் பக்கம் கலகம் வெடித்து மேற்கு மாகாணங்களுக்குப் பரவியது. லாமாக்கள் தலைமை தாங்கினார்கள், பின்னால் நின்றவர்கள் மேய்ப்பர்கள். கட்சி உறுப்பினர்களும் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள் என்று படித்தபோதுதான் விஷயம் எவ்வளவு முற்றியிருந்தது என்று தெரிந்தது. சோவியத் உதவியோடு அடக்கினார்கள், விமானமும் வந்தது. ஆனால் அடக்கிய கையோடு மொஸ்கோவே நிறுத்தச் சொல்லிவிட்டது. கூட்டுப்பண்ணைகளைக் கலைத்தார்கள். அவரவர் மாடு அவரவருக்கு என்று விட்டார்கள். துப்பாக்கியால் கலகத்தை வென்ற அரசு, மாட்டு விஷயத்தில் தோற்றுப்போனது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

அந்தத் தளர்வுக் காலத்தில் பிரதமராக இருந்தவர் கெந்தன். லாமாக்களை ஒழித்துக்கட்டு என்று ஸ்டாலின் நெருக்கியபோது இழுத்தடித்தவர். 1936இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு ருஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் நவம்பரில் மொஸ்கோவில் சுட்டார்கள். அவர் இழுத்தடித்த வேலையைச் சொய்பல்சான் செய்தார். 1937 செப்டெம்பரில் தொடங்கி ஒன்றரை வருடத்தில் இருபதாயிரத்துக்கு மேல் கொல்லப்பட்டார்கள், முப்பதாயிரத்தைத் தாண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் பெரும்பகுதி லாமாக்கள். நாட்டின் மொத்த சனத்தொகையே எட்டு லட்சத்தைத் தாண்டாத காலம். மடாலயங்களில் ஒரு சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் இடித்தார்கள். பின்னால் வந்த பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் காட்டி இதைச் சமன்செய்யப் பார்க்கிற கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். அது ஒரு தட்டில் வைக்கிற சாமான் இல்லை. கெந்தனின் மகள் செரெந்துலம், அரசு மாறியபிறகு, தகப்பன் இருந்த வீட்டையே கொல்லப்பட்டவர்களுக்கான நினைவு அருங்காட்சியகமாக ஆக்கினார். அறுபது வருடம் காத்திருந்து செய்திருக்கிறார் அந்த அம்மா.

இனித்தான் எனக்கு ருசியான இடம். சொய்பல்சான் 1952இல் இறந்தபிறகு செதன்பால் வந்தார், முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். அவர் காலத்தில் கூட்டுப்பண்ணை திரும்பி வந்தது. இந்த முறை நெக்தல் என்று பெயர். இந்த முறை யாரும் பெரிதாகக் கலகம் செய்யவில்லை. 1959 முடிகிறபோது ஏறக்குறைய எல்லா மேய்ப்பர் குடும்பமும் உள்ளே வந்துவிட்டது. எப்படி வந்தது? ஒன்று, தனியாக நிற்கிறவனிடம் அரசு கேட்கிற இறைச்சி, கம்பளி அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள், நிற்கமுடியாமல் வந்தான். மற்றது, வீட்டுக்கென்று கொஞ்சம் விட்டார்கள். மேய்ச்சல் நல்ல இடங்களில் ஆளுக்குப் பத்து, குடும்பத்துக்கு ஐம்பது வரை. கோபி பாலைவனப் பக்கம் ஆளுக்குப் பதினைந்து, குடும்பத்துக்கு எழுபத்தைந்து வரை.

இதை என் மாமாவிடம் சொன்னேன். அவருக்கு எழுபது வயது தாண்டியும் பட்டியை விடவில்லை, மாரியில் மாட்டைச் சாய்த்துக்கொண்டு மேய்ச்சல்தரைக்குப் போனால் தை அறுவடை முடியத்தான் ஊருக்குள் வருவார். வாடிக்கு முன்னால் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அம்பத வீட்டுக்கு விட்டானுகளா?”

“ஓம் மாமா.”

“அப்ப ஆர் வெறுக்கிற? இஞ்ச அம்பது மாடு வெச்சிருக்கிறவன் எத்தின பேர் மனே?”

ஐம்பதில் ஆடும் சேர்த்தி, மாமா எல்லாவற்றையும் மாடாகவே எண்ணிக்கொண்டார். நான் திருத்தப் போகவில்லை, அவர் சொன்னதன் அடி சரி. 1930க்கும் 1959க்கும் உள்ள வித்தியாசம் அந்த ஐம்பதுதான். வீட்டுப் பாலுக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கையில் ஏதோ இருந்தால், மிச்சத்தைச் சங்கத்துக்கு மேய்க்க ஒருவன் சம்மதிப்பான். சங்கக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தெரியும். சங்கத்து மாட்டைப் பார்க்கிற கண்ணும் சொந்த மாட்டைப் பார்க்கிற கண்ணும் ஒன்றாக இருக்காது. அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும், தனி மந்தை ஒரு சுட்டிலும் குறையாமல் தப்புகிற கதைகள் வந்திருக்கும்.

நம் நாட்டிலும் உச்சவரம்பு வந்தது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம், ஆளுக்கு வயல் 25 ஏக்கர், மற்றக் காணி 50 ஏக்கர் என்றது. போடியார்மார் பிள்ளைகள் பெயரிலும் மருமக்கள் பெயரிலும் எழுதிவைத்த கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மாட்டை யாரும் எண்ணவில்லை. அங்கே மாட்டை எண்ணினார்கள், நிலத்தை யாரும் எண்ணவில்லை, ஏனென்றால் மேய்ச்சல் நிலம் அங்கே ஒருவருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. இந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

நெக்தலில் கிடைத்ததையும் சொல்லவேண்டும். மிருக வைத்தியர் வந்தார். கிணறு வெட்டினார்கள். சுட் வந்தால் லொறியில் வைக்கோல் வந்தது. வயது போனால் ஓய்வூதியம். மேய்ப்பனுக்கு ஓய்வூதியம் என்றதும் மாமா கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம். கூடாரம் எங்கே நகர்ந்தாலும் பிள்ளை ஊர் மையத்தில் இருந்து படித்தது. ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லாத நாட்டில் 1942இல் முதலாவது வந்தது. 1990 ஆகும்போது எழுத்தறியாதவரைத் தேடிப் பிடிக்கவேண்டிய நிலை. எழுத்தே இடையில் மாறிவிட்டது, அது வேறு விஷயம். மேலிருந்து கீழாக எழுதிய பழைய எழுத்தை விட்டு 1940களில் ருஷ்ய எழுத்துக்கு மாறினார்கள். பேரப்பிள்ளைக்கு அப்பப்பாவின் கடிதம் வாசிக்கத் தெரியாது.

இன்னொரு சின்ன விஷயம் எனக்கு மறக்கவில்லை. 1960களில் ‘கலாசாரப் பாய்ச்சல்’ என்று ஒரு இயக்கம். அதிகாரிகள் கூடாரம் கூடாரமாகப் போய்ச் சோதித்தார்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பு இருக்கிறதா, சவர்க்காரம் இருக்கிறதா, பல் தூரிகை இருக்கிறதா, உள்ளாடை துவைத்திருக்கிறதா என்று. மாட்டுச் சாணி எரிகிற அடுப்பு நடுவில், தண்ணீர் தொலைவில், அந்தக் கூடாரத்தில் வெள்ளை விரிப்பை வெள்ளையாக வைத்திருக்க அந்தப் பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்தால் ஒரு நல்ல விரிப்பைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்து அதிகாரி வருகிற அன்றைக்கு விரிப்பாள்.

குலப்பெயர் விஷயமும் கிழக்கு மாகாணத்துக்காரனுக்கு விட்டுப்போக முடியாதது. 1925இல் குலப்பெயரைத் தடைசெய்துவிட்டார்கள். பிரபு வம்சம் என்ற பேச்சே எழக்கூடாது என்பதற்காக. அதன்பிறகு மொங்கோலியர் நம்மைப்போல அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொண்டார்கள். எழுபது வருடம் கழித்து, எல்லோரும் குலப்பெயர் எடுங்கள் என்று அரசே சொன்னபோது, பலருக்குத் தங்கள் குலம் எதுவென்று தெரியவில்லை. கூட்டம் கூட்டமாக செங்கிஸ் கானின் குலமான போர்ஜிகினை எடுத்துக்கொண்டார்கள். 1981இல் விண்வெளிக்குப் போன குர்ரக்சா, அண்டவெளி என்று அர்த்தம் வருகிற சன்சார் என்ற பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார், அவருக்கு அந்த உரிமை உண்டு. எங்கள் பக்கம் குடி தாய்வழியில் வரும். கோயிலில் எந்தக் குடிக்கு எந்த உரிமை, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் யார் என்பது இன்றைக்கும் அதை வைத்துத்தான். இங்கே ஒருவர் திருவிழாக் கூட்டத்தில் எழும்பி நான் இன்றுமுதல் இன்ன குடி என்று சொல்லிப் பார்க்கட்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பல நேரம் எரிச்சல். ஆனால் ஒரு சட்டத்தில் அதை அழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று மொங்கோலியாவைப் பார்த்தபிறகு யோசனை வருகிறது.

முடிந்த விதம் அழகு. 1989 டிசம்பர் 10, மனித உரிமைகள் தினத்தன்று தலைநகர் உலான்பத்தரில் முதல் ஆர்ப்பாட்டம். 1990 மார்ச் 7 சுக்பாத்தர் சதுக்கத்தில், அந்தக் குளிரில், பத்துப்பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். படையை விடச் சொல்லிக் கட்சிக்குள் இருந்து நெருக்கியும் தலைவர் பத்மூங்க் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ முழுக்கப் பதவி விலகியது. ஜூலையில் பலகட்சித் தேர்தல். 1937ஐச் செய்த அதே கட்சி 1990இல் ஒரு துவக்குச் சத்தமும் இல்லாமல் வழிவிட்டது.

1991இல் இருந்து நெக்தல்களைக் கலைத்து மாட்டைப் பங்கிட்டார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலை போனவர்களும் திரும்பி வந்து மேய்ப்பர் ஆனார்கள். ஒன்றரை லட்சம் அளவில் இருந்த மேய்ப்பர்கள் பத்து வருடத்துக்குள் நான்கு லட்சத்தைத் தொட்டார்கள். மந்தை சொந்தமாகியதும் வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது, ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து மறித்தார்கள். பெண்பிள்ளைகள் படித்து முன்னுக்குப் போனார்கள். மிருக வைத்தியரும் லொறி வைக்கோலும் நெக்தலோடு போய்விட்டன. பிறகு 1999 தொடங்கித் தொடர்ந்து மூன்று மாரி சுட். 2009–10 மாரியில் மட்டும் ஒரு கோடி அளவில் கால்நடை செத்தது. எல்லாம் இழந்தவர்கள் கூடாரத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டு உலான்பத்தருக்குப் போனார்கள். இன்றைக்கு நாட்டின் சனத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு நகரத்தில்.

நிலம் மட்டும் பிரிபடவில்லை. 1992 அரசியலமைப்பு மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. இதை வாசித்த அன்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மயிலத்தமடு, மாதவனை என்று எங்கள் மேய்ச்சல்தரைகளை வெளியார் பிடித்துப் பயிர்செய்த கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், அதற்கு எதிராகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்ததும் தெரியும். அரசியலமைப்பிலேயே மேய்ச்சல்தரைக்கு ஒரு வரி இருக்கிற நாடு! ஆனால் கணக்கைப் பார்த்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. 1990இல் இரண்டரைக் கோடியாக இருந்த கால்நடை 2019இல் ஏழு கோடியைத் தாண்டிவிட்டது. அதிகம் பெருகியது வெள்ளாடு, ஐம்பது லட்சத்தில் இருந்து கிட்டத்தட்ட மூன்று கோடிக்கு. அதன் மெல்லிய உள்மயிர்தான் கஷ்மீர் கம்பளியாகப் போகிறது, காசு அதில்தான். செம்மறியை விட வெள்ளாடு புல்லை வேரோடு கிள்ளும், நிலம் தாங்காது.

நிலத்துக்கு ஆள் இல்லை, ஆட்டுக்கு ஆள் இருக்கிறது, அதனால் இப்படி ஆகிவிட்டது என்று மாமாவிடம் விளங்கப்படுத்தினேன். அவர் மேய்ப்பர்களைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“நிலம் ஒருத்தருக்குமில்ல, ஆடு மட்டும் எனக்கு எண்டா நானும் ஆடுதான் வளப்பன். மறுகா என்ன செய்யிற?” என்றார். அந்த மயிர் கிலோ என்ன விலை போகும் என்றும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.